இரட்டை மோடம் பூட்டிய வண்டி: அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழிமுறை

1999-இல் நியூ ஜெர்சியில் ஒரு வாடகை வீட்டில் மூன்று பேர் தங்கியிருந்தோம். மூவரும் ஒய்டூகே (2000-ஆம் ஆண்டு பிறக்கும்போது கணினிகளில் வரவிருந்த தேதிச் சிக்கல்) வேலைக்காகக் கடல் தாண்டியவர்கள். கேபிள் இணையம் எங்கள் தெருவை எட்டவில்லை. போன் கம்பியிலேயே வரும் அதிவேக இணையமான டி.எஸ்.எல். கேட்டால், தொலைபேசி இணைப்பகத்திலிருந்து தூரம் அதிகம் என்று கையை விரித்துவிட்டார்கள். ஆனால் உள்ளூர் அழைப்புக்கு மாதக் கட்டணம் மட்டும்தான். எத்தனை மணி நேரம் போன் எடுத்தபடியே கிடந்தாலும் மீட்டர் ஓடாது. நம் ஊரில் உள்ளூர் அழைப்புக்கே மீட்டர் ஓடிய காலத்தில் இந்த யோசனை யாருக்கும் வந்திருக்காது. அங்கே வந்தது. இரண்டாவது போன் லைன் ஒன்று வாங்கி, இரண்டு 56கே மோடங்களை (போன் அழைப்பின் வழியே நொடிக்கு அதிகபட்சம் 56 கிலோபிட் இணையம் தரும் கருவிகள்) சேர்த்து ஓட்டினோம்.

அது ஒழுங்காக ஓட இரண்டு மாதம் பிடித்தது. அந்த இரண்டு மாதத்தில் பட்டதையும், பிறகு அக்கம்பக்கத்து வீடுகளுக்குச் சரிசெய்து கொடுத்ததில் கற்றதையும் அறிகுறி வாரியாக எழுதுகிறேன். பழைய கணினிகளைத் தூசி தட்டி உயிர்ப்பிக்கிறவர்களுக்கு இன்றும் இதே பழுதுகள்தான் வருகின்றன. எடுத்துக்காட்டுகள் விண்டோஸ் 98-ஐ வைத்து; தொலைபேசி, இணைய நிறுவனங்களைப் பற்றிச் சொல்வதெல்லாம் அன்றைய நிலவரம். மோடத்துக்கு இடும் ஏடி கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டவும்.

முதலில் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். இரண்டு லைன்கள் சேர்ந்து ஒரு பெரிய குழாய் ஆகிவிடுவதில்லை. அவை இரண்டு தனித்தனி போன் அழைப்புகள். மல்டிலிங்க் பி.பி.பி. என்ற நெறிமுறை தரவுப் பொட்டலங்களுக்கு வரிசை எண் போட்டு, தேவைப்பட்டால் துண்டாக்கி, இரண்டு லைன்களிலும் பிரித்து அனுப்புகிறது. மறுமுனை அந்த எண்ணைப் பார்த்து மீண்டும் அடுக்குகிறது. ஐ.எஸ்.டி.என். என்ற டிஜிட்டல் போன் லைனில் இருந்த இரண்டு 64 கிலோபிட் தடங்களைச் சேர்ப்பதற்காகப் பிறந்த ஏற்பாடு இது, இணைய நெறிமுறை ஆவணங்களான ஆர்.எஃப்.சி. வரிசையில் 1994-இல் ஆர்.எஃப்.சி. 1717 ஆகவும், 1996-இல் திருத்தப்பட்டு ஆர்.எஃப்.சி. 1990 ஆகவும் வெளிவந்தது. இரண்டு அழைப்புகளையும் மறுமுனையில் எடுப்பது ஒரே இயந்திரமாக இருக்க வேண்டும்; இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று அதற்குத் தெரியவும் வேண்டும். கீழே வரும் பழுதுகளில் பாதி, இதை மறந்ததால் வருபவை.

எதையும் தொடுவதற்கு முன் மல்டிலிங்கை அணைத்துவிட்டு, ஒவ்வொரு மோடத்தையும் அதனதன் லைனில் தனியாக மூன்று முறை இணைத்து, கிடைத்த வேகத்தை ஒரு தாளில் எழுதி வையுங்கள். தனியாக ஓடாதது சேர்ந்து ஓடாது. அந்தத் தாள் கையில் இல்லாமல் கீழே உள்ள எதையும் முயன்று பார்ப்பது வீண் வேலை.

அறிகுறி: முதல் மோடம் டயல் செய்கிறது, இரண்டாவது வாயே திறக்கவில்லை

இணைப்பின் பண்புகளில் 'மல்டிலிங்க்' என்ற பக்கத்தைத் திறந்து, கூடுதல் கருவிகளைப் பயன்படுத்தும் தேர்வில் இரண்டாவது மோடத்தையும் அது டயல் செய்ய வேண்டிய எண்ணையும் சேர்த்திருக்கிறீர்களா என்று பாருங்கள். மோடத்தை நிறுவிவிட்டாலே போதும் என்று நினைத்து இதை விட்டுவிடுகிறவர்கள் பலர்.

சேர்த்தும் பேசவில்லை, 633 என்ற பிழை வருகிறது என்றால் அந்தப் போர்ட்டை வேறு ஏதோ பிடித்து வைத்திருக்கிறது. பெரும்பாலும் மோடத்துடன் இலவசமாக வந்த பேக்ஸ் மென்பொருள்தான். கணினி தொடங்கும்போதே எழுந்து, வராத பேக்ஸுக்காகக் காத்திருக்கும் அது. அணைத்துவிடுங்கள்.

அதுவும் இல்லையென்றால் ஐ.ஆர்.க்யூ. மோதல். ஒரு கருவி கணினியின் கவனத்தைக் கூப்பிடும் எண் அது; காம் என்பவை மோடம் செருகும் சீரியல் போர்ட்கள். காம்1, காம்3 இரண்டும் வழக்கமாக 4-ஆம் எண்ணைப் பகிர்கின்றன. காம்2, காம்4 இரண்டும் 3-ஐ. ஒரு மோடம் காம்1-இலும் இன்னொன்று காம்3-இலும் இருந்தால் தனித்தனியே ஓடும், சேர்ந்தால் ஒன்று ஊமையாகும். ஒன்றைக் காம்2-க்கு மாற்றுங்கள்.

அறிகுறி: இரண்டாவது மோடம் 'டயல் டோன் இல்லை' என்கிறது

பிழை எண் 680. இதில் மோடத்தைக் குறைசொல்வதற்கு முன் சுவரைப் பாருங்கள். அந்நாளைய அமெரிக்க வீடுகளில் போன் கம்பி பெரும்பாலும் நான்கு நிறத்தில் வரும்: சிவப்பு, பச்சை, கறுப்பு, மஞ்சள். முதல் லைன் நடுவிலுள்ள சிவப்பு, பச்சை ஜோடியில். இரண்டாவது லைன் ஓரத்திலுள்ள கறுப்பு, மஞ்சள் ஜோடியில். பெரும்பாலும் இரண்டும் ஒரே சாக்கெட்டுக்குள் வந்துவிடும். ஆனால் மோடத்துடன் வரும் போன் ஒயரில் பலவற்றில் இரண்டே கம்பிகள்தான் இருக்கும், அதுவும் நடு ஜோடி. ஆகவே கடையில் வாங்கிய சாதாரண இரட்டைப் பிளக்கை மாட்டி இரண்டு மோடங்களையும் செருகினால் இரண்டும் முதல் லைனிலேயே தொங்கும். முதல் மோடம் டயல் செய்து கீச்சிட ஆரம்பித்ததும், இரண்டாவது காது கொடுத்துக் கேட்கும். டயல் டோனுக்குப் பதில் முதலாமவனின் கீச்சொலி கேட்கும். இல்லை என்று சொல்லிவிடும். அதன்மேல் குற்றமே இல்லை.

இதற்கென்றே லைன் 1, லைன் 2 என்று பிரித்துக் கொடுக்கும் பிளக் உண்டு. அதையும், சாக்கெட்டிலிருந்து அதுவரை நான்கு கம்பி ஒயரையும் போடுங்கள். சரிபார்க்க எளிய வழி: ஒரு சாதாரணப் போனை இரண்டாவது ஒயரில் செருகி, கைப்பேசியிலிருந்து இரண்டாவது எண்ணுக்கு அழையுங்கள். மணி அடிக்க வேண்டும்.

குரலஞ்சல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சின்னச் சிக்கல். கேட்காத செய்தி இருந்தால் டயல் டோன் விட்டுவிட்டு ஒலிக்கும். சில மோடங்களுக்கு அது டயல் டோனாகவே தெரியாது. மோடத்தின் கூடுதல் அமைப்பில் ஏடிஎக்ஸ்3 என்று போட்டால் டோனுக்குக் காத்திராமல் டயல் செய்யும்.

அறிகுறி: இரண்டாவது லைன் வந்த நாளிலிருந்து முதல் லைனும் மந்தமாகிவிட்டது

எங்களை மூன்று வாரம் அலைக்கழித்தது இதுதான். இரண்டாவது லைன் வருவதற்கு முன் எங்கள் ஒற்றை மோடம் நொடிக்கு 49,333 பிட் வேகத்தில் இணைந்துகொண்டிருந்தது. லைன் போட ஆள் வந்தார், அரை மணி நேரத்தில் வேலையை முடித்தார், கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். அன்று இரவு முதல் மோடம் 26,400-இல் இணைந்தது. இரண்டாவதும் 26,400. கூட்டினால் 52,800. புது லைனுக்கு மாதாமாதம் பணம் கட்டி நாங்கள் சம்பாதித்த லாபம் மூன்றரைக் கிலோபிட்.

மோடத்தை மாற்றினோம். டிரைவரை மாற்றினோம். அறைத் தோழர் ஒருவர் கணினியையே மாற்ற வேண்டும் என்று ஆரம்பித்தார். கடைசியில் வீட்டுக்கு வெளியே சுவரில் இருக்கும் சாம்பல் நிறப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். அதன் பக்கத்தில் முன்பு இல்லாத ஒரு சிறு பெட்டி. கம்பத்திலிருந்து வரும் கம்பி பழையபடி ஒரே ஜோடிதான். அது அந்தச் சிறு பெட்டிக்குள் போய் இரண்டு ஜோடியாக வெளியே வந்தது. தெருவில் மிச்சக் கம்பி இல்லாத இடங்களில் தொலைபேசி நிறுவனங்கள் செய்யும் சிக்கனம் இது. பேர் கெயின் என்பார்கள். ஒரே செப்பு ஜோடியில் இரண்டு பேச்சுகளையும் டிஜிட்டலாக்கி அனுப்பி, வீட்டு வாசலில் மறுபடி அனலாக் ஆக்கிக் கொடுப்பார்கள். பேசுவதற்கு அதில் ஒரு குறையும் தெரியாது.

மோடத்துக்குத் தெரியும். வி.90 (56கே-க்கான தரநிலை) மோடம் 56கே தருவதே ஒரு தந்திரத்தால்தான்: இணைய நிறுவனத்தின் பக்கம் முழுக்க டிஜிட்டல், இணைப்பகத்தில் ஒரே ஒரு முறை மட்டும் அனலாக்காக மாறுகிறது என்ற நம்பிக்கை. இணைப்பகம் நொடிக்கு 8,000 மாதிரிகள் அனுப்புகிறது. ஒவ்வொன்றிலும் 7 பிட் பயன்பட்டால் 56,000. அமெரிக்காவில் அன்றிருந்த மின்திறன் வரம்பால் அதுவும் 53.3 கிலோபிட்டில் நின்றுவிட்டது. நடுவில் இன்னொரு முறை அனலாக், டிஜிட்டல் மாற்றம் நுழைந்தால் அந்த மாதிரிகள் சிதைகின்றன. மோடம் பழைய வி.34 முறைக்கு இறங்குகிறது. அதன் உச்சம் 33.6 கிலோபிட். இந்தப் பெட்டிகளில் அதுவும் வாய்ப்பது அரிது, 26.4, 28.8 என்றுதான் நிற்கும்.

கண்டுபிடிக்கும் வழி: இரண்டு லைன்களும் எப்போது முயன்றாலும் 33.6-க்குக் கீழேயே இருக்கின்றனவா? மோடத்தை மாற்றியும் அதே எண்ணா? மழை, வெயில், இரவு, பகல் எதிலும் மாற்றம் இல்லையா? அப்படியென்றால் கம்பியில் இரைச்சல் இல்லை, நடுவில் பெட்டி இருக்கிறது. இரைச்சலால் குறையும் வேகம் நாளுக்கு நாள் ஆடும். பெட்டியால் குறையும் வேகம் கல்லில் வெட்டியதுபோல் இருக்கும்.

தீர்வு உங்கள் கையில் இல்லை. தொலைபேசி நிறுவனத்தின் கையில். அங்கே அழைத்து 'இன்டர்நெட் மெதுவாக இருக்கிறது' என்று சொல்லாதீர்கள். குரல் தெளிவாக இருந்தால் எங்கள் பொறுப்பு முடிந்தது என்பார்கள், சட்டப்படி அது பெரும்பாலும் சரியும்கூட. 'பேர் கெயின் பெட்டியை எடுத்துவிட்டு இரண்டு லைனுக்கும் தனித்தனிச் செப்பு ஜோடி கொடுங்கள்' என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். நாங்கள் நான்கு முறை அழைத்தோம். நான்காவது முறை வந்தவர் பெட்டியைப் பார்த்துவிட்டு, 'மோடத்துக்கு என்று முதலிலேயே சொல்லியிருக்கலாமே' என்றார். கம்பத்தில் ஏறி வேறொரு ஜோடியைத் தேடிப் பிடித்தார். அன்று மாலை 49,333-உம் 48,000-உம்.

அறிகுறி: இரண்டாவது அழைப்பு எடுக்கப்படுகிறது, கடவுச்சொல் வரை போய் அறுந்துவிடுகிறது

உங்கள் பக்கத்தில் தேடாதீர்கள். ஒரு கணக்குக்கு ஒரே இணைப்பு என்று இணைய நிறுவனம் பூட்டு போட்டிருக்கிறது. பயனரைச் சரிபார்க்கும் ரேடியஸ் சர்வரில் 'போர்ட் லிமிட்' என்று ஒரு அமைப்பு உண்டு, 62-ஆம் எண் பண்பு அது, மல்டிலிங்குக்காகவே வைக்கப்பட்டது. அதில் 1 இருந்தால் இரண்டாவது அழைப்பு வாசலிலேயே திருப்பி அனுப்பப்படும். 2 ஆக்கச் சொல்லுங்கள். பல நிறுவனங்கள் அதற்குத் தனிக் கட்டணம் கேட்கும். இரண்டு மோடங்களைப் பிடித்துவைக்கிறீர்கள் என்பதால் அது நியாயம்தான். வேறு இரண்டாவது கணக்கு வாங்கி இரண்டாவது மோடத்தில் போடலாமா என்று கேட்பார்கள். பயனில்லை. பெயர் வேறாக இருந்தால் மறுமுனை இரண்டையும் ஒரே கட்டாகச் சேர்க்காது.

அறிகுறி: சில நாள் சேர்கிறது, சில நாள் சேரவில்லை

காலையில் இரண்டு லைனும் சேர்ந்து ஓடும். மாலை ஏழு மணிக்கு மேல் முயன்றால் சேராது. இதைவிடக் குழப்பும் அறிகுறி வேறில்லை. காரணம் தெரிந்தால் இதைவிட எளியதும் இல்லை. நீங்கள் டயல் செய்யும் ஒரே எண்ணுக்குப் பின்னால் பல இயந்திரங்கள் வரிசையாக நிற்கின்றன. கூட்டமில்லாத நேரத்தில் உங்கள் இரண்டு அழைப்புகளும் ஒரே இயந்திரத்தில் விழுகின்றன. மாலையில் முதல் அழைப்பு ஒன்றில், இரண்டாவது அடுத்ததில். இரண்டாவது இயந்திரத்துக்கு முதல் அழைப்பைப் பற்றி எதுவும் தெரியாது.

இயந்திரங்கள் தமக்குள் பேசிக்கொண்டு அழைப்பைக் கைமாற்றும் வழி உண்டு. சிஸ்கோ கருவிகளில் அதற்கு மல்டிசேசிஸ் மல்டிலிங்க் என்று பெயர்; சேசிஸ் என்றால் ஒரு இயந்திரத்தின் பெட்டி. அதை இயக்க வேண்டியது இணைய நிறுவனம். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: 'உங்களிடம் மல்டிலிங்க் உண்டா என்று கேட்கவில்லை; வெவ்வேறு சேசிஸில் அழைப்பு விழுந்தாலும் சேருமா?' முதல் நிலை உதவியாளருக்கு இந்தக் கேள்வி புரியாது. புரிகிறவரிடம் மாற்றிவிடச் சொல்லுங்கள். மல்டிலிங்குக்கென்று தனி எண் இருந்தால் அதை வாங்கிக்கொள்ளுங்கள். எதுவும் இல்லையென்றால், கூட்டம் வருவதற்கு முன் ஆறு மணிக்கே இணைத்துவிட்டு விடாமல் வைத்திருப்பது ஒன்றுதான் வழி. நாங்கள் அதைத்தான் செய்தோம். மதுரையிலிருந்து அழைத்த அம்மாவுக்கு இரண்டு எண்களும் எப்போதும் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தன.

அறிகுறி: இரண்டும் இணைந்திருக்கின்றன, வேகம் மட்டும் ஏறவில்லை

முதலில் அளக்கும் முறையைச் சரிபாருங்கள். வலைப்பக்கம் திறக்கும் வேகத்தைப் பார்க்கக் கூடாது. சிறுசிறு படங்களுக்குப் போய்வரும் நேரம்தான் அங்கே அதிகம், லைன் இரண்டானாலும் அந்த நேரம் குறையாது. இணைய விளையாட்டில் பிங் குறையவில்லை என்று புலம்புகிறவர்களுக்கும் இதே பதில். வெற்று உரைக் கோப்பும் வேண்டாம். மோடமே அதைச் சுருக்கி அனுப்புவதால் எண் ஏமாற்றும். ஒரு மெகாபைட் அளவுள்ள ஜிப் கோப்பை இறக்குங்கள். 48,000-இல் இணைந்த ஒற்றை லைனில் அதற்கு மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். இரண்டில் அதில் பாதி ஆக வேண்டும்.

ஆகவில்லையா? கடிகாரத்துக்குப் பக்கத்திலுள்ள இரட்டைக் கணினிப் படத்தைத் திறந்து விவரங்களைப் பாருங்கள். இரண்டு மோடங்களும் பட்டியலில் தெரிய வேண்டும். ஒன்றை அங்கேயே நிறுத்தி வைத்துவிட்டு மீண்டும் அளந்தால், அது உண்மையில் சுமக்கிறதா, சும்மா கூட வருகிறதா என்று தெரிந்துவிடும். பட்டியலில் ஒன்றுதான் இருக்கிறது என்றால், பி.பி.பி. பதிவுக் கோப்பை இயக்கி விண்டோஸ் அடைவில் உருவாகும் கோப்பைப் படியுங்கள். இணைப்பின் தொடக்கத்தில் இரு முனைகளும் விதிகளை முடிவுசெய்யும் எல்.சி.பி. பேச்சில் உங்கள் கணினி 17-ஆம் விருப்பத்தை, அதாவது மல்டிலிங்க் வேண்டும் என்று சொல்லும் எம்.ஆர்.ஆர்.யு.-வை முன்வைக்கும். மறுமுனை அதை நிராகரித்திருந்தால் அங்கே மல்டிலிங்க் இல்லை. விவாதம் முடிந்தது; வேறு நிறுவனம் பாருங்கள்.

பட்டியலில் இரண்டும் இருந்தும் வேகம் இல்லையென்றால் வேகங்களை ஒப்பிடுங்கள். இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாடு நொண்டினால் வண்டி நொண்டியின் நடையில்தான் போகும். மறுமுனை பொட்டலத்தைச் சரிபாதியாக வெட்டி அனுப்பும் வகையாக இருந்தால், 50-இல் ஓடும் லைன் தன் பாதியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு 26.4-இல் வரும் மறுபாதிக்காகக் காத்திருக்கும். கிடைப்பது இரண்டு மடங்கு 26.4, அதாவது 52.8. மெதுவான லைனைக் கழற்றி எறிந்தால் 50. வேகத்துக்கு ஏற்றபடி பங்கிட்டு அனுப்பும் கருவிகளும் உண்டு. மறுமுனையில் எது இருக்கிறது என்று நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. இரண்டு லைன்களையும் கிட்டத்தட்டச் சமமாக்குவதே உங்களால் ஆகக்கூடியது.

அறிகுறி: தனித்தனியே நன்றாக ஓடுகின்றன, சேர்ந்து ஓடினால் பிழைகள்

இரண்டு இடங்களில் பாருங்கள். ஒன்று, சுவருக்குள் ஓடும் கம்பி. மேலே சொன்ன நான்கு நிறக் கம்பிகள் பழைய வீடுகளில் முறுக்கே இல்லாமல் பக்கத்துப் பக்கத்தில் படுத்திருக்கும். முறுக்காத ஜோடிகளில் ஒன்றின் பேச்சு இன்னொன்றில் ஒட்டும். குரலுக்கு அது தொலைவில் கேட்கும் முணுமுணுப்பு. மோடத்துக்கு அது இரைச்சல். முதல் மோடம் 49-இல் ஓடிக்கொண்டிருக்கும்போது இரண்டாவதை இணைத்ததும் இரண்டும் 40-க்கு நழுவினால் இதுதான். சோதிக்கச் சுவரை உடைக்க வேண்டாம்: நெட்வொர்க் கேபிள் ஒன்றை வாசல் பெட்டியிலிருந்து ஜன்னல் வழியாக இழுத்து, ஒரு முறுக்கு ஜோடிக்கு ஒரு லைன் என்று கொடுத்துப் பாருங்கள். சரியானால் அதையே ஆணியடித்து நிரந்தரமாக்குங்கள்.

இன்னொன்று, சீரியல் போர்ட். 115,200 வேகத்தில் ஒவ்வொரு 87 மைக்ரோ நொடிக்கும் ஒரு பைட் வருகிறது. பழைய 16450 சில்லில் ஒரே பைட்டுக்குத்தான் இடம். கணினி கொஞ்சம் கண்ணயர்ந்தால் அடுத்தது வந்து முந்தையதை அழித்துவிடும். ஒரு மோடத்தில் சமாளித்த கணினி இரண்டில் திணறும். 16550ஏ சில்லில் 16 பைட் இடம் உண்டு. கன்ட்ரோல் பேனலில் மோடம்கள், அதில் சோதனைப் பக்கம், அங்கே கூடுதல் தகவல் என்று போனால் எந்தச் சில் என்று காட்டும். கூடவே ஹார்டுவேர் ஓட்டக் கட்டுப்பாடு (கணினியும் மோடமும் ஒன்றையொன்று 'பொறு' என்று நிறுத்தும் ஏற்பாடு) இரண்டு மோடத்திலும் இயங்குகிறதா என்று பாருங்கள். விலை குறைவு என்று வாங்கிய வின்மோடங்கள் இரண்டை ஒரே கணினியில் போட்டிருந்தால், நேரத்தை வீணாக்காமல் வெளியே வைக்கும் மோடம் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். மோடத்தின் வேலையைக் கணினியின் மூளை செய்கிறது அங்கே. இரண்டுக்குச் செய்ய அதற்கு வலு போதாது.

அறிகுறி: ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு லைன் மட்டும் அறுகிறது

கால் வெயிட்டிங். யாராவது அழைத்தால் லைனில் ஒரு பீப் ஒலி விழும், மோடம் தடுமாறி இறங்கிவிடும். எண்ணுக்கு முன்னால் நட்சத்திரக் குறி, 70, ஒரு காற்புள்ளி சேர்த்தால் அந்த அழைப்பு முடியும்வரை அது அணைந்திருக்கும். கால் வெயிட்டிங் இல்லாத லைனில் இதைப் போடாதீர்கள். அங்கே இது பல இடங்களில் தவறான எண்ணாகக் கருதப்பட்டு அழைப்பே போகாது. எங்கள் இரண்டாவது லைனில் அந்த வசதி கிடையாது. முதல் லைனின் எண்ணுக்கு முன் மட்டும் சேர்த்தோம்.

இன்று வீட்டிலேயே செய்து பார்ப்பவர்களுக்கு

சிறிய போன் எக்ஸ்சேஞ்ச் பெட்டி ஒன்றை வைத்து, இந்தப் பக்கம் இரண்டு மோடம், அந்தப் பக்கம் லினக்ஸ் கணினியில் இரண்டு மோடம் என்று அமைத்துவிட்டு '56கே வரவில்லை' என்று கேட்கிறார்கள். வராது. இரு முனையிலும் அனலாக் மோடம் இருந்தால் உச்சம் 33.6 தான்; இரண்டும் சேர்ந்து 67.2. 56கே வேண்டுமானால் சர்வர் பக்கம் டிஜிட்டலாக, டி1 அல்லது பி.ஆர்.ஐ. என்ற டிஜிட்டல் தொலைபேசித் தடத்தில் நிற்க வேண்டும். லினக்ஸில் டயல் இணைப்பைக் கவனிக்கும் பி.பி.பி.டி. என்ற நிரலின் அமைப்புக் கோப்பில் மல்டிலிங்க் என்ற சொல்லை இரண்டு இணைப்புகளுக்கும் போட வேண்டும். இரண்டுக்கும் பயனர் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும்.

இணையவழித் தொலைபேசிப் பெட்டி வழியாக முயல்கிறவர்கள் கோடெக்கை (குரலை எண்களாக்கும் முறை) ஜி.711-இல் பூட்டுங்கள், எதிரொலி நீக்கியை அணையுங்கள், முன்பின்னாக வரும் பொட்டலங்களைச் சற்று நிறுத்திச் சீராக்கும் ஜிட்டர் தாங்கியைத் தானாக மாறாமல் நிலையாக வையுங்கள். தானாக மாறும் ஒவ்வொரு முறையும் ஒலியில் ஒரு துளி கூடும் அல்லது குறையும்; மோடம் அதைத் தாங்காமல் மறுபடி கீச்சிட ஆரம்பிக்கும். பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் இந்த மூன்றும் ஒவ்வொரு லைனுக்கும் தனித்தனியாக இருக்கும். இரண்டாவது லைனில் மாற்ற மறந்துவிட்டு என்னிடம் வந்தவர்கள் இதுவரை மூன்று பேர்.